ஊருக்கு ஒரு பில்லை வீடு

3-10-1993, ஞாயிறு
திண்டிவனம்

புது மாவட்டம் பிறந்து நாலு நாள் ஆகிறது. நான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சுவரில் தொங்கும் தென்னாற்காடு மாவட்டப் படத்தை மாற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, புதுப் படம்தான் வரவில்லை. பழையதிலேயே நீலப் பென்சிலால் எல்லை போட்டு வைத்தேன். விழுப்புரம் மாவட்டம், என் கைவண்ணம்.

மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் தங்கை செல்வி தனக்குப் பிடித்தவரைப் பற்றிச் சொன்னாள். தினமும் அவள் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராம். பெயர் அருள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். நம் வேதம்தான், நம் ஆட்கள்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில், இருபத்தேழு வயதில், அண்ணனிடம் தானே வந்து சொல்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. முழுப் பெயரைக் கேட்கும்வரை.

அருள் பில்லை.

"சட்டையில அப்பிடித்தான் பேரு குத்தியிருந்தாரு. 'ல சரிதானா'ன்னு கேட்டேன். சரிதாங்கன்னாரு. அதுலதான் பேச்சே ஆரம்பிச்சது" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஊரிலேயே எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் உள்ள பெயர். அது இன்னொருவனுக்கும் இருந்தால் அவன் பங்காளி. பங்காளி என்றால் அவளுக்கு அண்ணன் முறை. அதைச் சொன்னேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

5-10-1993

மனசு ஆறவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

பில்லை என்றால் டவாலியில் மாட்டும் பித்தளை வட்டம். கலெக்டர் கச்சேரியில் சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டு, அதில் பில்லை பளபளக்க நிற்பாரே சேவகர், அப்படி நின்றவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. அப்பா சொன்னது. ஒரு காணி நிலம் சொந்தமில்லாத குடும்பம். அடுத்தவர் வயலில் உழைத்துக் கஞ்சி குடித்தவர்கள். யார் எந்தத் தெருவில் எங்களை எப்படிக் கூப்பிட்டாலும் அப்பாவுக்கு அந்தப் பித்தளை போதும். "தொரைக்குப் பக்கத்துல நின்னவங்கடா நாம" என்பார். எங்கள் பெயரோடு பில்லையைச் சேர்த்தவர் அவர்தான். குழந்தை பிறந்தால் ஓட்டை போட்ட காலணாவை மூன்று நாள் அரைஞாணில் கட்டி அவிழ்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். டவாலி யோகம் வரட்டும் என்று.

நாலாம் வகுப்பில் வாத்தியார் என் சிலேட்டில் ல-வை ள ஆக்கினார். "பில்லைதான் சார்" என்றேன். அப்பா பெயரைக் கேட்டார். தெருவைக் கேட்டார். பிறகு தான் போட்ட ள-வை எச்சில் தொட்டு அழித்தார். "நீங்க ல-வே வெச்சிக்கோங்க." வகுப்பே சிரித்தது. அன்று முதல் எழுத்துப் பிழை எங்கே கண்டாலும் என் கை சும்மா இருப்பதில்லை. கடைப் பலகை, சுவரொட்டி, கல்யாணப் பத்திரிகை, எதுவும் தப்பாது. "பேனாவ உள்ள வைங்க, மானம் போவுது" என்பாள் என் மனைவி சவுரியம்மாள்.

10-10-1993, ஞாயிறு

அருள் தன் சித்தப்பாவோடு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். அதுதான் கஷ்டம்.

"எங்களுக்குத் திண்டிவனத்துல பங்காளின்னு யாரும் இருந்ததில்லீங்க" என்றார் சித்தப்பா. இருந்ததில்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு என்றேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் செல்வி என் முன்னால் வந்து நின்றாள். "ரெண்டு வூடும் எங்க சேருதுன்னு காட்டுண்ணா. காட்டிட்டா நான் அவர மறந்துடறேன், நீ சொல்ற மாப்பிள்ளையக் கட்டிக்கிறேன். காட்ட முடியலன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது."

சரி என்றேன். காட்டாமல் விடப்போவதில்லை.

24-10-1993

டெலிபோன் டைரக்டரி உதவாது. இங்கிலீஷில் ல-வும் ள-வும் ஒரே எல். பதினாலு பேரைக் கூப்பிட்டதில் பதினாலு பேரும் அசல் பிள்ளைமார். கடைசியாகப் பேசிய பெரியவர், "காலங்கார்த்தால போன் பண்ணி எந்த லன்னு கேக்கறியே, உனக்கு வேற வேலை கெடையாதா?" என்று வைத்துவிட்டார்.

2-11-1993

லைன்மேன் தாண்டவராயனிடம் சொல்லிவிட்டேன். கம்பி போகிற ஊருக்கெல்லாம் போகிறவன். போகிற இடத்தில் பில்லைக்கார வீடு உண்டா என்று விசாரிப்பான்.

12-12-1993

இதுவரை ஆறு. திண்டிவனத்தில் நாங்கள். மயிலத்தில் ஒன்று, விக்கிரவாண்டியில் லாரி நிற்கிற இடத்தில் பரோட்டா போடுகிறவர் ஒருவர், கோலியனூரில் ஒன்று, வானூரில் ஒன்று, திருவெண்ணெய்நல்லூரில் அருள் வீடு. எக்ஸ்சேஞ்ச் படத்தில் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

"பேஜாரா கீது சார் இந்தப் பேரு" என்றான் தாண்டவராயன். "ஊருக்கு ஒரே வூடு. ரெண்டாவது வூடு எங்கியும் கெடையாது. எங்கேந்து வந்தீங்கன்னா, எப்பவும் இங்கதான்றாங்க."

எனக்கும் அது உறுத்துகிறது. ஒரே மனிதரின் வாரிசுகள் என்றால் ஒரு ஊரிலாவது நாலு வீடு சேர்ந்து இருக்காதா? எறும்புப் புற்று மாதிரி ஒரு இடத்தில் கூடி, அங்கிருந்துதானே பரவும்? இது தெளித்துவிட்ட மாதிரி அல்லவா இருக்கிறது?

20-2-1994

விடை கிடைத்துவிட்டது. கலெக்டர் ஊர் ஊராக முகாம் போவார். சேவகரும் கூடவே போவார். அங்கங்கே ஒரு மகனைச் சிறு வேலையில் அமர்த்தியிருப்பார். ஊருக்கு ஒரு வீடு வந்தது அப்படித்தான்.

புள்ளிகளைப் பென்சில் கோட்டால் சேர்த்து, படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து செல்வியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது அதுவா சேர்ந்த கோடா, நீ சேர்த்த கோடா?"

அதுவாகச் சேர்ந்தது என்றேன்.

"சரி. சொன்ன வாக்கு வாக்குதான்" என்று உள்ளே போய்விட்டாள். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. வரும்.

6-3-1994

செல்விக்கு நான் பார்த்த புதுச்சேரி மாப்பிள்ளை வீட்டில் சம்மதம். ஈஸ்டர் கழிந்து மே மாதம் கல்யாணம்.

26-3-1994, சனி

மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்தில் இன்னொரு பில்லை வீடு இருப்பதாகத் தாண்டவராயன் சொன்னான். படம் முழுமையாகட்டும் என்று போனேன். போயிருக்கவே கூடாது.

கெங்கம்மாள் என்று ஒரு அம்மா. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாலு பிள்ளைகளும் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டுக்குள் மாரியம்மன் படம். அதைப் பார்த்ததுமே எனக்கு எங்கோ இடித்தது. நானும் பில்லைக்கார வீடுதான் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மஞ்சள் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பித்தளை இல்லை. தகரம். உப்புக் காற்றில் ஓரம் அரித்துப் போயிருந்தது. மேலே கயிறு கோக்க ஓட்டை. நடுவில் 212 என்ற எண்.

"டவாலிப் பில்லையா?" என்றேன்.

"டவாலியா? கஞ்சிக்கு நின்னவங்களுக்கு யாருப்பா டவாலி போட்டது? இது கஞ்சித்தொட்டிப் பில்லை. தாது வருசப் பஞ்சத்துல கால்வா வெட்டப் போனவங்க கழுத்துல கட்டுனது. இதக் காட்டுனாத்தான் கஞ்சி ஊத்துவாங்களாம்."

ஒரே வம்சமாக இருக்கலாம் இல்லையா என்று கேட்டேன்.

"நல்லா கேட்ட போ! நாங்க கடலுக்குப் போறவங்க. நீங்க ஏர் புடிக்கிறவங்க. கஞ்சிக்கு நின்ன வரிசைல பக்கத்துப் பக்கத்துல நின்னா பங்காளி ஆயிடுவோமா?"

"அப்புறம் ஏம்மா ஊருக்கு ஒரே வீடு?"

அவர் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார். "போனது நெறைய பேருப்பா. திரும்புனது ஊருக்கு ஒருத்தன். கழுத்துல பில்லையோட வந்தான், பில்லைக்காரன்னு பேராச்சு. திரும்பாதவனுக்கு ஏதுப்பா பேரு?"

குழந்தை பிறந்தால் அதை மூன்று நாள் இடுப்பில் கட்டி அவிழ்ப்பார்களாம். தாத்தன் பிழைத்த மாதிரி இதுவும் பிழைக்கட்டும் என்று. எங்கள் காலணா ஞாபகம் வந்தது.

27-3-1994, குருத்தோலை ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை.

2-4-1994

சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லாம் பேசி முடிந்துவிட்டது. செல்வியும் இப்போது அழுவதில்லை. அப்பா இருந்திருந்தால் அந்தத் தகரத்தை என்ன செய்திருப்பார்? தூக்கிக் கடலில் எறிந்திருப்பார். தொரைக்குப் பக்கத்தில் நின்ற கொள்ளுத்தாத்தா போய்விட்டார். சட்டியை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். அவரை வீட்டுக்கு அழைத்து வர எனக்கு வெட்கமாக இருக்கிறது. உண்மையை எழுதினால் அதுதான்.

10-4-1994, ஞாயிறு

கோயிலில் செல்விக்கு மூன்று கல்யாண ஓலையில் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார் சாமியார். தடை தெரிந்தால் அவரிடம் சொல்லலாம். இன்னொரு கல்யாணத்துக்குத் தடையே இல்லை என்று தெரிந்தவன் யாரிடம் சொல்வது? பேசாமல் முழங்காலில் நின்றேன்.

17-4-1994, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பெண்கள் பக்கம் செல்வி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். வாசித்து முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிக்கையோடு பார்த்தாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். தகரம், கஞ்சி, ஊருக்கு ஒருவன், எல்லாம். கோடு நான் சேர்த்தது என்பதையும்.

அவள் முதலில் கேட்டது இதுதான். "எப்பத் தெரியும்?"

"போன மாசம் இருபத்தாறு."

விரல் விட்டு எண்ணினாள். "இருபத்திரண்டு நாளு. தெரிஞ்சிக்கினே என் பக்கத்துல உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்த."

சவுரியம்மாள் ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். செல்வி கையமர்த்தினாள்.

"யாரு எனக்கு அண்ணன் முறைன்னு நீதான சொன்ன. இனிமே அந்த வார்த்தையே எனக்கு வேணாம்."

20-4-1994

புதுச்சேரிக்கு நான் ஒருவனாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எங்க பிள்ளைக்கு என்ன கொறைச்சல் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். குறை பிள்ளையிடம் இல்லை, என்னிடம்தான் என்றேன். கதவைச் சாத்திவிட்டார். சாத்தட்டும்.

24-4-1994, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

30-4-1994

செல்வி, அருள் கல்யாணத்துக்குக் கேட்கப் போனால், இரண்டு பெயரிலும் பில்லை இருப்பதால் சாமியார் விளக்கம் கேட்டார். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். 'எங்கள் முன்னோர் டவாலிச் சேவகர் அல்லர். பஞ்சத்தில் கஞ்சிக்காகத் தகரப் பில்லை கட்டிய பலருள் ஒருவர். மணமகன் வீட்டாருக்கும் எங்களுக்கும் இரத்த உறவு இல்லை.' கையெழுத்து: சவு. தென்னரசு பில்லை.

அப்பா, மன்னிச்சிடுப்பா.

1-6-1994

கல்யாணம் நல்லபடி நடந்தது. என்னிடம் ஆசீர்வாதம் வாங்கினாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

9-8-1996

செல்விக்குப் பெண் குழந்தை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் காலணாவை எடுத்துப்போனேன். வாங்கிக் குழந்தையின் இடுப்பில் கட்டினாள். "உக்காரச் சொல்லுங்க" என்றாள், அருளைப் பார்த்து.

24-12-2003

இப்போதெல்லாம் நன்றாகவே பேசுகிறாள். உடம்பு எப்பிடி இருக்கு, வறுத்த மல்லாட்டை குடுத்தனுப்பட்டுமா, பண்டிகைக்கு வர்றதுண்டா. எல்லாம் உண்டு. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் வாக்கியம் அமைக்க எப்படித்தான் கற்றுக்கொண்டாளோ. இலக்கணத்தில் நான் இவளிடம் தோற்றுவிட்டேன்.

30-6-2011

ரிட்டயர்மென்ட். பழைய மாவட்டப் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். சிவப்புப் புள்ளிகள் மங்கவில்லை. நான் போட்ட கோட்டை ரப்பரால் அழித்தேன். புள்ளி மட்டும் இருக்கட்டும்.

14-1-2015

கெங்கம்மாள் காலமானதாகத் தாண்டவராயன் போனில் சொன்னான். தகரப் பில்லை பேரப்பிள்ளையிடம் இருக்கிறதாம். அவன் வேலை பார்ப்பது துபாயில். படத்தில் அந்த ஊருக்கு இடமில்லை.

9-9-2018, ஞாயிறு

அருள் வந்திருந்தார். மகள் செண்பக மேரிக்குக் கல்யாணம். பத்திரிகையின் புரூஃபைக் கொடுத்து, "பிழை பாத்துத் தரச் சொல்லுச்சு. நீங்க பாக்காம அச்சுக்குப் போவக் கூடாதாம்" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

அவருக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். மூன்று தடவை படித்தேன். ஒற்று சரி. சந்தி சரி. தேதி, கிழமை சரி. அருள் பில்லை, ல சரி. பொதுவாக ஒரு பத்திரிகையில் ஏழெட்டாவது தேறும். இதை யாரோ வரி வரியாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கீழே வந்தேன். 'தாய்மாமன்: சவு. தென்னரசு பில்லை, திண்டிவனம்.' அதன் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக அவள் கையெழுத்து.

'ல சரிதானா, அண்ணா?'

அருள் இரண்டாவது காபியும் குடித்து முடித்துவிட்டார். 'சரி' என்று இரண்டு எழுத்து எழுத எனக்கு இவ்வளவு நேரம் ஆனது இதுதான் முதல் தடவை.