டோல்வென் பண்ணையின் நடுக்குரல்

அக்டோபர் 12, 1966
மழை. ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறியதில் தோள் விட்டுப்போனது. மேகன் ரீஸ் வீட்டில் டீ, பழரொட்டி, இரண்டு தாலாட்டு. மூன்றாவதாக எதையோ முனகினாள். டோல்வென் பண்ணையில் பால் கறக்கப் போன காலத்தில் காதில் விழுந்ததாம். வார்த்தை இல்லை, தலையுமில்லை வாலுமில்லை.

"என்ன பாட்டு இது?" என்றேன்.

"பாட்டுன்னு யார் சொன்னா? அந்த வீட்டு க்ளாடிஸ் மாட்டுக்குப் பாடுவா. நல்லா கறக்கும்."

மரியாதைக்குப் பதிவு செய்தேன். என்னை அனுப்பிய அருங்காட்சியகத்தில் கேட்டால் சிரிப்பார்கள்.

அக்டோபர் 20
டோல்வென். மெய்ரிக், இத்தெல் – அண்ணன் தம்பி. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி வரை தேவாலயத்தில் நடக்கும் ப்ளகைன் பாட்டுக்கூட்டத்தில் இந்த வீட்டுக்கென்று ஒரு பாட்டு. பள்ளத்தாக்கில் வேறு எவரும் அதைத் தொடமாட்டார்கள். நாலு வருடத்துக்கு முன் அக்கா க்ளாடிஸ் இறந்தபின் இவர்களும் பாட எழுந்து நிற்பதில்லை. ஏடு எதிலும் இல்லாத பாட்டு. அதற்காகத்தான் இந்த மலைக்கே வந்தேன்.

"மூணு பேர் பாட்டும்மா அது," என்றார் இத்தெல். "ரெண்டு பேர் பாடினா பாட்டில்ல, சண்டை."

"அக்கா பாடினதை நீங்களே சொல்லிக்கொடுங்களேன்?"

"நான் என் குரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், இவன் இவன் குரலை. நடுவுல அவ இருந்தா. அவ்வளவுதான் தெரியும்."

மெய்ரிக்குக்கு ஓயாத இருமல். இந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு பாட நெஞ்சில் காற்று இருக்காது என்று அவரே சொல்கிறார். அவர் போனால் மேல்குரலும் போகும்.

அக்டோபர் 21
கனவில் ஒரு கதவு. பின்னால் பாடுகிறார்கள். திறந்தால் பனிமூட்டம்.

நவம்பர் 9
இன்று கேட்டுவிட்டேன்! திருட்டுத்தனமாகத்தான். தொழுவத்தில் வாளி கழுவிக்கொண்டே மெய்ரிக் மெல்ல ஆரம்பித்தார். இத்தெல் வைக்கோலுக்குப் பின்னாலிருந்து கீழ்க்குரலைச் சேர்த்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். என்னைக் கண்டதும் இருவரும் மாட்டைத் திட்டத் தொடங்கினார்கள்.

பஸ்ஸில் கண் சொருகியது. ஜன்னலில் மூடுபனி, அதற்குள் ஆடுகள் மிதந்தன. தூக்கமா, விழிப்பா? தலைக்குள் அந்த இரண்டு குரல்கள் சுற்றிச் சுற்றி வந்தன. என் வாய் தானாக எதையோ முனகிக்கொண்டிருந்தது. அது நடுவில் போய் உட்கார்ந்தது, சிக்கில்லாமல் – எங்கே கேட்டேன் இதை?

ஐயோ. மேகன். மாட்டுப் பாட்டு!

அது மாட்டுக்கான பாட்டே இல்லை. க்ளாடிஸ் பால் கறக்கும்போது தன் பங்கை மட்டும் முனகியிருக்கிறாள். நடுக்குரலைத் தனியாகக் கேட்டால் யாருக்குப் பாட்டாகத் தெரியும்? எனக்கும்தான் தெரியவில்லை. பெரிய சேகரிப்பாளர்!

நவம்பர் 12
மேகனின் பதிவை இருவருக்கும் போட்டுக் காட்டினேன். மெய்ரிக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு வருஷமா நம்ம மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத் தெரியலடா," என்றார் தம்பியிடம். மூக்கைச் சிந்தினார்.

இந்த ஒலிநாடாவோடு சேர்ந்து பாடுங்கள் என்றேன். இத்தெல் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "நாங்க மூச்சு விடுற இடத்துல இதுவும் விடுமா? விடாது. நடுவுல நீ நில்லு, பெட்டிக்காரி."

நானா? நான் எழுதிக்கொள்பவள். பள்ளியில் என்னை உதடு மட்டும் அசைக்கச் சொன்னார்கள்.

டிசம்பர் 18
டோல்வெனில் பயிற்சி. மூன்றாவது வரியில் மறுபடி மெய்ரிக்கின் குரலோடு ஓடிவிட்டேன். "அவன் பின்னாடி போகாதே, கல்யாணமா பண்ணிக்கப் போறே?" – இத்தெல்.

ஜனவரி 8, 1967
ப்ளகைன்.

மெழுகுவர்த்திகள். யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு குழு பாடி உட்காரும், அமைதி, அடுத்த குழு தானாக எழும். ஒரு முறை பாடிய பாட்டை அன்று மறுபடி பாடக் கூடாது. நான் கெடுத்தால் கெட்டதுதான்.

மெய்ரிக் எழுந்தார். தேவாலயமே திரும்பியது. தலையோடு தலை சேர்த்து நின்றோம். அவர் கோட்டில் இருமல் மருந்து வாசனை. மூன்றாவது வரி வந்தது, நான் ஓடவில்லை. அப்புறம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பயந்துவிட்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால் இத்தெல் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி பாடுகிறார். சரியாகத்தான் இருக்கிறது போல. எவ்வளவு நேரம் பாடினோம், தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் இருந்ததில்லை.

விருந்தில் மேகன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, இது நம்ம மாட்டுப் பாட்டுல்ல!"

பெட்டி வீட்டில் கிடக்கிறது. பதிவு எதுவும் இல்லை.

ஜனவரி 9
அருங்காட்சியகத்துக்கு என்ன பதில் சொல்வது?

அக்டோபர் 15
மெய்ரிக் கணப்பருகே உட்கார்ந்து மேகனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய மேல்குரல் இப்போது அவளுக்கு.

அருங்காட்சியகத்தில் நான் விட்ட வேலைக்கு வந்திருக்கும் புது ஆள் இன்று டோல்வெனுக்கு மேடேறி வந்தார், நனைந்து, தோளில் அதே பெட்டி. டீ கொடுத்தேன். என் பங்கை மட்டுமாவது தனியாகப் பாடிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது.

"ஜனவரில வாங்க, மூணு பேரும் நிப்போம், பதிஞ்சுக்குங்க," என்றேன். "நான் மட்டும் பாடினா மாட்டுக்குத்தான் பிடிக்கும்."