பின்னுக்கு இரண்டு ரயர்

12 ஒக்ரோபர் 2025, ஞாயிறு

இன்றைக்கும் வந்தார். சிவானந்தன் அத்தான். என் கணவர் அனுசனின் தமையன். காலையிலிருந்து நின்று நண்டு உடைத்துக் கறி வைத்தேன், நல்லாயிருக்கு என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. கை கழுவின ஈரத்தோடு நேரே வாசலுக்குப் போனார். என் காருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு ரயரை நகத்தால் சுரண்டினார்.

“இது சமர் ரயரெல்லோ, பிள்ளை. வெயில் காலத்துக்குத்தான். குளிருக்கு இறுகிப் போம். ஜெர்மனியில எண்டால் ஒக்ரோபரில வின்ரர் ரயர் போட்டுடுவம். பிறகு ஈஸ்டருக்குத்தான் கழட்டுறது.”

ஜெர்மனியில எண்டால்! அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து ஆறு வருடமாகிறது. டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு வான் ஓட்டுகிறார். ஆனால் மனிசனின் தலை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் சோபா அவர் சொன்ன நிறம். குசினிச் சுவர் அவர் சொன்ன பெயின்ற். வீட்டைச் சூடாக்குகிற பொயிலரும் அவர் சொன்னதுதான், ஒவ்வொரு மார்கழியிலும் நின்றுபோகிறது.

கார் மட்டும் என்னுடையது. பன்னிரண்டு வருடம் சனி ஞாயிறும் ஷிப்ட் செய்து, எக்ஸ்ரே அறையில் மற்றவர்களின் எலும்பைப் பார்த்துப் பார்த்து வாங்கினது. சிவப்பு. இரண்டு கதவு. எஞ்சின் பலம் முழுக்கப் பின் சில்லுக்குப் போகிற ஸ்போர்ட்ஸ் கார், மிதித்தால் முதுகைப் பிடித்துத் தள்ளும். நாற்பத்தொரு வயதுப் பொம்பிளைக்கு இது ஏன் என்று ஊரே கேட்டது. கேட்கட்டும். இதற்கு என்ன ரயர் என்பதை நான்தான் சொல்வேன். எழுதி வைக்கிறேன்.

15 ஒக்ரோபர்

அனுசன் சொல்கிறார்: “அண்ணை சொன்னால் அதில ஏதோ இருக்கும்.”

பதினாறு வருடமாக இந்த ஒரு வசனத்தோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

19 ஒக்ரோபர், ஞாயிறு

நானும் வாசித்துத்தான் இருக்கிறேன். வின்ரர் ரயர் என்றால் வருடத்தில் இரண்டு தரம் கழற்றிப் பூட்ட வேண்டும். கழற்றின நாலையும் எங்கே வைப்பது? எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டில் சைக்கிள் வைக்கவே இடமில்லை. ஓல்-சீசன் ரயர் என்றால் வருடம் முழுக்க அப்படியே ஓடலாம். லண்டனில் பனி கொட்டுவது இரண்டு நாள். அதற்கும் கவுன்சில் ரோட்டில் உப்புப் போட்டு உருக்கிவிடும்.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பு, சின்னப்பிள்ளை கணக்குப் பிழைத்தால் சிரிக்கிற சிரிப்பு.

“பனி இல்லைப் பிள்ளை, குளிர். ஏழு டிகிரிக்குக் கீழ போனால் சமர் ரயர் பிடிக்காது. ஓல்-சீசன் ரெண்டும் கெட்டான். சின்னக் காருக்குக் காணும். உந்தக் காருக்குக் காணாது.”

“அப்ப கழட்டின ரயரை எங்க வைக்கிறது?”

“சாமியறையில ஒரு மூலை கிடக்குத்தானே.”

சாமியறையில்! முருகனுக்குக் கீழே நாலு ரயர்! அனுசன் அதற்கும் தலையாட்டினார். எழும்பிப் போய் குசினியில் சட்டி கழுவினேன், கழுவின சட்டியையே திரும்பவும் கழுவினேன்.

2 நவம்பர், ஞாயிறு

பேனையை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன், தாள் கிழிந்தால் கிழியட்டும்.

அந்தாள் ஓடர் பண்ணிப்போட்டார். என்னைக் கேட்காமல். ஜெர்மனியிலிருந்து சாமான் கொண்டு வருகிற றஜீவன் என்று ஒரு சிநேகிதர். அவருடைய வானில், மாதக் கடைசியில், நாலு வின்ரர் ரயர் றிம்மோடு வருகிறதாம். அனுசனுக்குப் போன கிழமையே தெரியும். என்ர கார், என்ர பேர், எனக்குத்தான் கடைசியாத் தெரியவேணும் என்ன?

“என்னைக் கேட்டனீங்களே?” என்று கேட்டேன்.

“நல்லதுக்குத்தானே, பிள்ளை.”

நல்லதுக்கு. இந்த நல்லதெல்லாம் என்ர தலையில்தான் வந்து விழும். அப்போதுதான் வாயில் வந்துவிட்டது: “தேவையில்லை அத்தான். நான் ஓல்-சீசன் ஓடர் பண்ணியாச்சு. வாற ஞாயிறு வந்து பாருங்கோ.”

ஒன்றும் ஓடர் பண்ணவில்லை. பச்சைப் பொய். ஆனால் அந்த முகம் சுருங்கினதைப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது. உண்மையைத்தானே இங்கே எழுத வேண்டும்.

5 நவம்பர்

பக்கத்தில், மிச்சம் என்கிற இடத்தில், கொட்வினின் ரயர் கடைக்குப் போனேன். பொடியன் மன்னார் ஆள், அதிகம் கதைக்க மாட்டான், வேலை சுத்தம். இந்தக் காருக்கு முன் ரயரை விடப் பின் ரயர் அகலம். முன்னுக்குப் போடுகிற ஓல்-சீசன் கடையில் கிடக்கிறது. பின்னுக்குப் போடுகிற அகலத்தில் இல்லை, ஜனவரி கடைசியில்தான் வருமாம்.

“முன்னுக்கு ரெண்டையும் இப்ப போடு. பின்னுக்குப் பிறகு பாப்பம்.”

கொட்வின் கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அக்கா, அப்பிடிப் போடக்கூடாது. முன்னுக்குப் பிடிக்கும், பின்னுக்கு வழுக்கும். வளைவில பின்பக்கம் சுத்திக்கொண்டு வந்திடும். நாலும் ஒண்டாயிருக்க வேணும்.”

“எத்தினை நாளைக்கு? ஜனவரி மட்டுந்தானே. நான் மெல்லத்தான் ஓடுவன்.”

அவன் பில்லில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினான், வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டது என்று. கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தாளுக்கு முன்னால் தலை குனிந்து நிற்பதை விட இது பரவாயில்லை.

9 நவம்பர், ஞாயிறு

விடிய எழும்பினவுடன் செய்த முதல் வேலை: காரை ரிவேர்ஸில் விட்டுப் பின்பக்கத்தை வேலியோடு ஒட்டி நிறுத்தினேன். கவுன்சில் குப்பைத் தொட்டி இரண்டையும் இழுத்து வந்து பின் சில்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். முன்னுக்கு இரண்டும் புதுக் கறுப்பில் பளபளவென்று நின்றன.

அத்தான் வந்தார். கையில் ஒரு பை. உள்ளே எலுமிச்சம்பழம். நாலு.

“புது ரயரெல்லோ. கார் வாங்கேக்க லூயிஷாம் சிவன் கோயிலில பூசை செய்தமாதிரி, இதுக்கும் வைப்பம். நாலு சில்லுக்கும்.”

“முன்னுக்கு ரெண்டு காணும் அத்தான்” என்றேன். “சாமிக்கு அரைவாசி செய்யக்கூடாது, பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்கும் காருக்கும் நடுவில் உடம்பை நெருக்கிக்கொண்டு போனார். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். குனிந்தவர் நிமிர நேரமெடுத்தது. முழங்கால் வருத்தமாக்கும்.

உள்ளே வந்து சாப்பிட்டார். ரயரைப் பற்றி ஒரு கதை இல்லை. இரண்டு மணித்தியாலத்தில் ஜெர்மனி ஒரு தரமும் வரவில்லை. வென்றுவிட்டேன். பாயாசத்துக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன்.

10 நவம்பர்

காலையில் ஷிப்டுக்குக் காரை எடுத்தேன். நாலு பழமும் நசிந்தது.

நேற்றுப் பின்னேரம் அத்தான் வட்ஸ்அப்பில் ஏதோ படம் அனுப்பியிருக்கிறார். தன் வின்ரர் ரயராயிருக்கும். திறக்கவில்லை.

18 நவம்பர்

போன கிழமை மூன்று தரம், இந்தக் கிழமை இரண்டு தரம் அத்தான் போன் அடித்துவிட்டார். போனை வெட்டி வெட்டி விரல் நோகிறது. தோற்றதைத் தாங்க முடியவில்லை ஆளுக்கு.

30 நவம்பர், ஞாயிறு

அவருடைய ரயர் வந்துவிட்டதாம். டூட்டிங்கில் அவர்கள் பல்கனியில் அடுக்கிக் கிடக்கிறதாம். கிடக்கட்டும். பூச்செடி வளர்க்கலாம்.

இன்றைக்கு அவர் வந்தபோது எனக்குத் தலையிடி என்று மேலே போய்ப் படுத்தேன். படியடியில் நின்று, “பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லவேணும்” என்றார். கதவைச் சாத்தினேன்.

25 டிசம்பர்

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் விடியப் பூசைக்குப் போக வேண்டும்.

2 ஜனவரி 2026, வெள்ளி

நாளைக்கு ஆருத்திரா தரிசனம். விடிய நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். அனுசனுக்கு வேலை. பார்த்தால், அத்தானின் வான் கராஜில் நிற்கிறதாம், என்னோடு வரப்போகிறாராம். “ஏத்திக்கொண்டு போவன்” என்கிறார் அனுசன், ஏதோ பால் போத்தலை ஏற்றச் சொல்வது போல.

முக்கால் மணித்தியாலம் அந்தாளோடு ஒரு காருக்குள். சிவனே, நீயே பார்.

3 ஜனவரி, சனி

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதுகிறேன்.

மைனஸ் நாலு. கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டிக் கை விறைத்துப்போனது. அத்தான் பட்டு வேட்டிக்கு மேல் பெரிய ஜாக்கெற். மடியில் அபிஷேகப் பால். ஏறினவுடனேயே, “மெல்லப் போங்கோ பிள்ளை, நேரமிருக்கு” என்றார். எனக்கு ஏறிவிட்டது. பெரிய ரோட்டில் உப்புப் போட்டிருந்தது, பிரச்சினை இல்லை. ஃபொரெஸ்ட் ஹில் தாண்டினதும் ரோட்டு வெட்டி மறித்திருந்தார்கள். பக்கத்து ரோட்டால் திருப்பி விட்டார்கள். இறக்கம். உப்பு இல்லை. “மெல்ல, மெல்ல” என்றார். ஓம், நான் அழுத்தினேன். கொஞ்சந்தான். அவர் சொன்னதுக்காகவே அழுத்தினேன். வேறு யாருக்கு எழுதுகிறேன், பொய் சொல்ல?

அடியில் வலப்பக்க வளைவு. முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை. அது தன்பாட்டுக்குப் போனது. பிறேக்கில் ஏறி நின்றேன், அவ்வளவுதான், ரோட்டும் வீடும் லைற்றும் சுத்துது. நான் கத்தினனோ தெரியாது. அவர் கத்தவில்லை.

“பிறேக்கை விடுங்கோ. விடுங்கோ. ரோட்டைப் பாத்து ஸ்ரியறிங்கை வெட்டுங்கோ.”

விட்டேன். பின் சில்லு நடைபாதை விளிம்பில் அடித்து நின்றது. அவருடைய கதவுக்கும் லைற் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சாண்.

வேட்டியெல்லாம் பால். அப்படியே இருந்து, “ஏதும் அடிபட்டதே, பிள்ளை?” என்று கேட்டார். எனக்கு அழுகையா கோபமா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

“சொல்லுங்கோவன். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ! ஜெர்மனியில எண்டால் எண்டு தொடங்குங்கோ! பின்னுக்குச் சமர் ரயர்தான் கிடக்குது, நான் மாத்தேல்லை, காணுமே?”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எலுமிச்சம்பழம் வைக்கேக்க பாத்தனான்.”

கத்தினேன். “தெரிஞ்சுகொண்டே ரெண்டு மாசம் சும்மா இருந்தனீங்களே! நான் செத்திருந்தால்?”

“எத்தினை தரம் போன் அடிச்சன்? எடுத்தனீங்களே?” முதல் தரம் அவருடைய குரலும் உயர்ந்தது. “அனுசனிட்டச் சொன்னால் அவன் உங்களோட சண்டைக்கு வருவான். உங்கட கார், உங்களிட்டத்தான் சொல்லவேணும் எண்டு இருந்திட்டன். அது என்ர பிழைதான். நேற்றுக் குளிரைப் பாத்திட்டுத்தான் வாறன் எண்டனான்.”

“வான்?”

“வானுக்கு ஒண்டுமில்லை.”

மிச்ச வழி முழுக்க ஆமை வேகத்தில் ஓடினேன். கோயிலுக்குப் போய்ச் சேர, தீபாராதனை முடிந்துவிட்டது. வேட்டியில் பால் காய்ந்த மணத்தோடு அவர் கண்ணை மூடி நின்றார். நான் கும்பிடவில்லை. என்ன கேட்பதென்று தெரியவில்லை.

இப்போதுதான் அந்த வட்ஸ்அப்பைத் திறந்தேன். நவம்பர் 9, பின்னேரம் 6.12. என் பின் ரயரின் படம், பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். கீழே: “பிள்ளை பின்னுக்கும் மாத்த வேணும். ஆபத்து. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்ல மாட்டன்.”

4 ஜனவரி, ஞாயிறு

பின் றிம் நெளிந்திருப்பதை அனுசன் கண்டுவிட்டார். நான் வாய் திறக்க முன்னம், “அண்ணை போன் அடிச்சவர். தான்தான் வேகமாப் போகச் சொன்னவராம், பூசைக்கு நேரம் போச்சுதெண்டு” என்றார்.

வேகமாப் போகச் சொன்னவராம்! இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அந்தாளுக்கு எப்படி நித்திரை வரும்? எனக்கு வரவில்லை. அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவர் விடவில்லை.

11 ஜனவரி, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அத்தானின் வான் வந்தது. நாலு வின்ரர் ரயர், றிம்மோடு. காரைத் தூக்குகிற ஜக்கி. கட்டிப் பழசான சாரம் ஒன்று, முழங்காலுக்குக் கீழே விரிக்க. எல்லாவற்றையும் வாசலில் இறக்கினார், ஒன்றையும் பூட்டவில்லை. பெல் அடித்துவிட்டுத் தள்ளி நின்றார்.

“உங்கட கார். போடச் சொன்னால் போடுறன். வேண்டாமெண்டால் திருப்பிக் கொண்டு போறன், பிறகு கதைக்க மாட்டன்.”

ஆறு வருடத்தில், ஒன்றைச் செய்ய முன்னம் அவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தரம். அதுவும் கேட்பதற்கு ஒரு லைற் கம்பம் தேவைப்பட்டது, இரண்டு பேருக்கும்.

“போடுங்கோ” என்றேன். “நாலும்.”

அனுசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். பல்லெல்லாம் தெரிந்தது. “பாத்தீரே தயாளினி? நான் அப்பவே சொன்னன். அண்ணை சொன்னால் அதில ஏதோ இருக்கும்.”

என் வாயில் வந்ததை இங்கேகூட எழுத முடியாது. ஆனால் அத்தான் முந்திவிட்டார். சில்லிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “நீ வாயைப் பொத்திக்கொண்டு உள்ள போடா. அது அவவின்ர கார்” என்றார்.

எனக்கு இன்னும் அந்தாளைப் பிடிக்காது. நண்டுக்கறியைப் பற்றி இன்றைக்கும் ஒரு சொல் இல்லை. கழற்றின ரயரை ஈஸ்டர் வரைக்கும் தன் பல்கனியில் வைக்கிறாராம். நான் கேட்டுத்தான் சொன்னார்.

கடைசி ஆணியை இறுக்கிவிட்டுச் சாரத்தை மடித்தார். நான் குசினிக்குப் போய், நேற்று வாங்கி வைத்திருந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வந்தேன். அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

பின்னுக்கு இரண்டையும் முதலில் வைத்தேன்.