வாடைக் காற்றுக்குத் தைத்த உறை

இன்று காலை மன்னார் மீன் சந்தைக்கு முன்னால் ஒரு பட்டாளத்துக்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நனைந்த தோல் கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். வெள்ளைக்காரரின் யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து பட்டாளத்து வண்டிகள் தலைமன்னாருக்கும் இங்கும் ஓடித் திரிகின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஈரத் தோலும் பெற்றோலும் கலந்த மணம் மூக்கில் ஏறியதும் மீன் வாங்கிய பனையோலை உமலோடு அப்படியே நின்றுவிட்டேன். அவன் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தான். தமிழ் தெரிந்தவன் என்றால் சொல்லியிருப்பேன்: தம்பி, தோல் நனைந்தால் வெறுங்கையைவிட மோசம். அதை, என் மருத்துவிச்சிச் சிநேகிதியே, நீயும் நானும் மழையில் நனைந்து நனைந்துதானே அறிந்தோம்.

மன்னாரில் என்ன குளிர் என்று வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். மார்கழி வாடைக் காற்றில், மழைக்குள், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் தாம்போதியின் மேல், இரண்டு பக்கமும் கடல் கொந்தளிக்க, மோட்டார் சைக்கிளில் ஒருமுறை போய்ப் பார்த்தபின் சிரிக்கட்டும்.

நீ அப்படித்தான் முதன்முதலில் என்னிடம் வந்தாய். என் தலைப்பிரசவம். உம்மாவின் வீடு பெருநிலத்தில், பாப்பாமோட்டையில். காலையிலேயே நோக்காடு தொடங்கிவிட்டது. வாப்பா ஆள் அனுப்பியிருந்தார். அரசாங்க மருத்துவிச்சி மாட்டு வண்டியில் வந்து சேரப் பொழுது சாயும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மதியத்துக்கு முன்பே வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. சிங்கப்பூருக்குப் போன உன் அண்ணன் விட்டுச் சென்ற வண்டி. சேலைக்குள் அவருடைய காக்கிக் காற்சட்டை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நீ உள்ளே வந்தாய். என் வயதுதான் இருக்கும். கை கால் கழுவித் துடைத்துவிட்டு என் வயிற்றில் கை வைத்தாய்.

நான் போட்ட சத்தத்தில் உம்மா ஓதுவதை நிறுத்திவிட்டார். பனிக்கட்டியை வைத்தது போல இருந்தது. வயிறு கல்லாக இறுகிவிட்டது. உன் கையைத் தட்டிவிட்டேன்.

நீ கோபிக்கவில்லை. உன் விரல்களை மடக்கிப் பார்த்தாய். முழுதாக மடங்கவில்லை. பிறகு உம்மாவைப் பார்த்து, "என்ர விரலுக்கு ஒண்டும் தெரியேல்லை. பிள்ளையின்ர தலை எங்க கிடக்குது எண்டு தெரியாமல் நான் தொடமாட்டன். அடுப்பு எரியுதோ?" என்று கேட்டாய்.

உம்மா உப்பை வறுத்துச் சீலையில் பொட்டணியாகக் கட்டித் தந்தார். நீ அடுப்படியில் குந்தியிருந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அதை உருட்டிக்கொண்டிருந்தாய். நான் இங்கே கத்திக்கொண்டிருந்தேன். உயிர் திரும்பும் விரல்கள் எப்படி வலிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை மட்டும் கண்டேன். திரும்பி வந்து தொட்டபோது அது வேறு கையாக இருந்தது. தொட்டதுமே சொன்னாய்: "பிள்ளை காலாலை வருகுது. பயப்பிடாதேங்கோ. நான் பிடிச்சுக்கொள்ளுவன்."

பிடித்துக்கொண்டாய். என் மகள் நீலம் பாரித்துத்தான் வந்தாள். நீ முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழ வைத்தாய். பிறகு சுவரோடு சாய்ந்து நீயும் அழுதாய். "அடுப்பு அணைஞ்ச வீட்டுக்குப் போயிருந்தா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாய். உம்மா அடுப்புக்கு இன்னும் இரண்டு விறகு வைத்தார்.

நாற்பது நாள் கழிந்து நான் மன்னாருக்கு, என் கணவரின் புடைவைக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குத் திரும்பியதும், நீ தேடி வந்தாய். கையில் உன் அண்ணனின் பழைய தோல் கையுறை. "உங்களிட்டைத் தையல் மெசின் இருக்குதாம். இதுக்கு ஒரு வழி பண்ணுங்கோ" என்றாய். நான் உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தேன். நனைந்து பாரமாகி, வீடு வந்தும் காயவில்லை. மேலே மெழுகு பூசினேன். விறைத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் ஒரு கழுதையின் மேல் ஏற்றப் பார்த்தாய். உள்ளே பழைய பத்திரிகைத் தாள் வைத்துப் பார்த்தோம். தாம்போதி வரைக்கும் சூடாக இருந்ததாம், அதற்கப்பால் கூழாம். அதற்குள் "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது நமக்குள்.

ஒரு நாள் நீ சலித்துப்போய், "கைக்கு உடுத்தி உடுத்தித்தானே பாக்கிறம். கைபிடிக்கு உடுத்தினால் என்ன?" என்றாய்.

அதுதான் வழி. பேசாலையில் உன் மாமாவின் வள்ளத்துக்கு வாங்கிய பாய்ச்சீலையில் ஒரு துண்டு கொண்டுவந்தாய். அதற்குத் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். உள்ளே இலவம் பஞ்சு வைத்துப் பழைய சாரத்துணியால் மூடித் தைத்தேன். கைபிடியையும் பிரேக்கையும் சேர்த்து மூடுகிற மாதிரி இரண்டு பெரிய உறைகள். வெறுங்கையை உள்ளே விடலாம், விழப்போனால் சட்டென்று எடுக்கலாம். மணிக்கட்டு நுழையும் இடத்தில் சுருக்குப் போட்டேன். உள்ளே ஒரு சின்னப் பை, வறுத்த உப்பு வைக்க. ஊசி மூன்று உடைந்தது. என் விரலிலும் ஏறியது.

முதல் மழைக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தாம்போதிக்குப் போனாய். முக்காட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு நான் உன் இடுப்பைக் கட்டியிருந்தேன். பாலத்தில் நிறுத்தி ஒரு கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தாய். அப்பம் போலச் சூடு. இரண்டு பேரும் மழைக்குள் நின்று பைத்தியம் போலச் சிரித்தோம்.

ஊர் வேறு விதமாகச் சிரித்தது. "ரெண்டு பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு போறா" என்றார்கள். பேசாலையில் உன் அம்மாவிடம், இந்தப் பிள்ளையை யார் கட்டுவான் என்று கேட்டார்கள். என் கணவரின் மூத்த சகோதரர் கடைக்கே வந்து, "எங்கட பொம்பிளையள் தைக்கிற சாமானா இது?" என்றார். என் கணவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "காக்கா, உங்கட மகளுக்கும் மாசி மாதம்தானே பேறுகாலம்? அவவுக்கு ஆரை வரச் சொல்லுவம்?" என்று மட்டும் கேட்டார். மூத்தவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உன் அரசாங்க அலுவலகம், அந்தக் கந்தோர்தான் விடவில்லை. உன் மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டனுப்பினார். நானும் வந்தேன். என்னை வா என்றும் ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். உன்னை இருக்கச் சொல்லவில்லை.

"வண்டிலில போ, இல்லாட்டி நடந்து போ. மோட்டச்சைக்கிளில மருத்துவிச்சி போறது ஒரு பெண்ணுக்கு அழகில்லை" என்றார்.

"எனக்கு அழகு வேண்டாம் ஐயா. கை சூடாக இருந்தாக் காணும்."

"வாய் காட்டாதை. தூர இடத்துக்கு மாத்தி எழுதுவன்."

"எழுதுங்கோ. எழுதேக்கை, மாட்டு வண்டில் போய்ச் சேர முதல் சாகிற தாய்க்கு ஆர் பொறுப்பு எண்டதையும் எழுதுங்கோ."

உன் குரல் நடுங்கவில்லை. கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாய். வெளியே வந்தபோது தலைப்பு கசங்கிக் கயிறாகியிருந்தது.

மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி பெருநிலத்துக்கு எப்படிப் போனதென்று நீ பல தடவை கேட்டாய். இப்போது சொல்கிறேன், நான்தான் உம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. இரண்டு வண்டில் நிறையப் பெண்கள் வந்து கந்தோர் விறாந்தையில் இருந்தார்கள். உங்கள் மாதா கோயில் வேதக்காரப் பெண்கள், எங்கள் பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். மாதம் நிறைந்த ஒருத்தி படியிலேயே காலை நீட்டி இருந்துவிட்டாள். பியோன் வந்து எழும்பச் சொன்னான்.

"நான் எழும்பமாட்டன், தம்பி. அந்தப் பிள்ளையை மாத்தினா எனக்கு நோக்காடு வாற நேரம் ஆர் இருக்கினம்? இங்கயே இருக்கிறன். ஐயாவே பாக்கட்டும்."

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. உள்ளே ஐயா கதவைச் சாத்திக்கொண்டார். பின்னேரம் வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. ஒரு பிள்ளை ஐயாவின் கதவடியில் சிறுநீர் கழித்தது. கடைசியில் பியோன் வந்து, மாற்றம் இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ என்றான். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை கந்தோருக்கு முன்னாலேயே வண்டியை உதைத்துப் பற்றவைத்து, என் உறைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகு எத்தனை மாரிகள் போனாய். நான் அந்த உறைகளுக்குப் பஞ்சு மாற்றிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. பெருநிலத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். பெறுகிறவர்கள் நடுங்கிக்கொண்டே பெற்றார்கள். போகாதே என்று உன் அம்மா சொன்னார். நீ போனாய். திரும்பி வந்து நீயும் படுத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் பல் கிடுகிடுவென்று அடித்தது. உப்பை வறுத்துக் கொண்டுவந்து உன் உள்ளங்கையில் வைத்தேன். அந்தக் குளிர் உள்ளே இருந்து வந்தது. எந்தப் பொட்டணிக்கும் அது அடங்கவில்லை. கொஞ்சம் தெளிந்த ஒரு நேரத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னாய்: "நான் போனா, வண்டியில போய்க் காத்துப்பட்டுத்தான் செத்தவ எண்டு சொல்லுவினம். வேற பொம்பிளைப் பிள்ளையளை மறிக்கிறதுக்கு அதையே சொல்லுவினம். நீ விடாதை."

சொன்னார்கள். பேசாலைச் சேமக்காலையில் உன் மேல் மண் விழுந்துகொண்டிருக்கும்போதே சொன்னார்கள். நான் மாதா கோயில் மதிலுக்கு வெளியே நின்றேன். என் காதில் விழுந்தது. அங்கேயே மறுத்துப் பேசத் தொடங்கினேன். அதற்குப் பிறகு கிணற்றடியில் சொன்னவளிடம், கடையில் சொன்னவரிடம், ஒருமுறை ரயிலில் முன்பின் தெரியாத ஒரு வாத்தியாரிடம்கூட. வாயாடி என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. வரட்டும்.

போன மாதம் எருக்கலம்பிட்டியில் ஒரு கல்யாண வீடு. சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் பெரியம்மா தன் பேத்தியைக் காட்டி, தாதி வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள், அந்தப் பேசாலைக்காரி ஆம்பிளை மாதிரிக் காற்றில் திரிந்து செத்தது போதாதா என்றார். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன். "அவ காத்துப்பட்டுச் சாகேல்லை. மலேரியாக் காய்ச்சல். நுளம்பு கடிச்சது. நுளம்பு வண்டி பாத்துக் கடிக்கிறேல்லை. அந்த வரியம் வீட்டை விட்டு வெளிக்கிடாத பொம்பிளையள் எத்தனை பேர் செத்தவை?"

"கல்யாண வீட்டில ஏன் பிள்ளை இந்தக் கதை?" என்றார் அவர்.

"நீங்கள்தானே தொடங்கினீங்கள், மாமி."

கூடம் முழுக்கப் பெண்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சரி, இன்றைக்கும் நான் தனிதான் என்று நினைத்தேன். அப்போது மூலையில் இருந்த ஒருத்தி, எனக்குப் பழக்கமில்லாதவள், மெதுவாகச் சொன்னாள்: "என்ர பிள்ளை ரெண்டும் அவவின்ர கைதான்."

"என்ர மூத்தது" என்றாள் இன்னொருத்தி.

"என்ர கடைசி. மழைக்குள்ள வந்தவ" என்றார் பரிமாறிக்கொண்டிருந்த பெண்.

அப்படியே ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பேத்தி தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் படிக்கப் போவாளோ, விடுவார்களோ, தெரியாது. விடாவிட்டால் அந்த வீட்டுக்கும் போவேன். வாயாடி வந்திருக்கிறாள் என்று உள்ளே சொல்லச் சொல்லிவிட்டு, அவர்கள் கதவைத் திறக்கும் வரைக்கும் வாசலில் இருப்பேன்.