திக்கும் துப்பாக்கி

அக்டோபர் 2, வெள்ளி

காந்தி ஜெயந்தி. பள்ளிக்கூடம் லீவு. துப்பாக்கி சுட வேறு நல்ல நாள் கிடைக்கவில்லை எனக்கு. காலையில் மேகம், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். நேற்றைய தூறலில் ரைபிள் கிளப் போகிற கரிசல் பாதை முழுக்கச் சேறு. மொபெட் சக்கரத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் நோண்டியே பாதிக் காலை போயிற்று.

புதுப் பிஸ்டல், பாயின்ட் டூ டூ. லைசென்ஸுக்காகத் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று உட்காராத பெஞ்சு இல்லை. போன வாரம்தான் கைக்கு வந்தது. வந்த அன்றைக்குக் காதர் அண்ணாச்சி கிளப் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தார். கிளப் செயலாளர், பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை என்றார்.

இன்று என் தோட்டா. ஒன்று கிளிக் என்றது, அதோடு சரி. தோட்டா அடுக்குகிற மேகசினை மாற்றினால், அதில் ஒரு தோட்டா குழாயின் பின்குழியான சேம்பருக்குள் போகாமல் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பிறகு சுட்ட தோட்டாவின் பித்தளை ஓடு ஒன்று வெளியே வரமாட்டேன் என்றது. பேனாக்கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். அண்ணாச்சியைக் கேட்கலாம் என்றால் மகள் வீட்டுக்குச் சென்னை போயிருக்கிறார். வியாழன்தான் வருவார்.

அடுத்த ஞாயிறு மதுரையில் தேர்வுப் போட்டி. போன வருடம் கிளப் பிஸ்டலைக் கடன் வாங்கிச் சுட்டு இரண்டே புள்ளியில் போனது. இந்த வருடம் சொந்தத் துப்பாக்கி, அது திக்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"தோட்டா நமத்துப் போச்சு போல. வெடிக்க மாட்டேங்குது."

இவர் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிற பகுதிக்கு சூப்பர்வைசர். நமத்துப் போச்சு என்று காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்.

"எங்கன வச்சிருக்க?"

"பீரோவுலதான்."

 பேப்பரை விரித்துக்கொண்டார். என் விளையாட்டில் இவருக்கு அக்கறை அவ்வளவுதான்.

வாங்க: மண்ணெண்ணெய், உப்புமா ரவை, பழைய பல் பிரஷ் (வாங்க வேண்டாம், இருக்கிறது).

அக்டோபர் 3, சனி

கண்டுபிடித்துவிட்டேன். ஆயுத பூஜை!

புதன்கிழமை சாமி படத்துக்கு முன்னால் தையல் மிஷின் ஊசி டப்பா, மொபெட் சாவி, அரிவாள்மனை, என் விளையாட்டு வகுப்பு விசில், எல்லாவற்றுக்கும் நடுவில் பிஸ்டல். காலி என்று திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் நான் வைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்தது இவர். விசிலுக்கு ஒரு பொட்டு, பிஸ்டலுக்குத் தாராளம். சுட்ட ஓட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதன் இடுக்கில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. ஊசியால் கிளறினால் வாசனை வேறு.

"சந்தனம் வச்சா துப்பாக்கி கோவிச்சுக்கிடுமா?" என்கிறார்.

"கோவிச்சுக்கிடல, அடச்சுக்கிட்டு."

"மொபெட்டுக்கும்தான் வச்சேன். ஓடுதுல்லா?"

பேசிப் பயனில்லை. முழுதும் கழற்றி, கம்பெனியில் பூசி அனுப்பிய கிரீஸையும் துடைத்துவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் ஆசிரியர் கூட்டம். தம்பி விளாத்திகுளத்திலிருந்து கொடுத்துவிட்ட மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்காமலே கிடந்தது. மழை பிடிக்கும் முன் காயவைத்துத் திரிக்க வேண்டும். காலையில் கிளம்பும்போது இவரிடம் சொன்னேன். "நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அதிசயம்தான்.

அக்டோபர் 4, ஞாயிறு

மோசம். முந்தாநாளைவிட மோசம். சுத்தம் செய்த துப்பாக்கி அழுக்குத் துப்பாக்கியைவிட அதிகமாகத் திக்குமா? திக்கியது.

தோட்டா பாதி உள்ளே போய் நிற்கிறது. மேலே முன்பின் ஓடுகிற ஸ்லைடைக் கட்டைவிரலால் தள்ளினால் போகிறது. சுட்டால் ஓடு சேம்பரிலேயே ஒட்டிக்கொள்கிறது. கொக்கி விளிம்பைக் கீறிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறது. அதற்குள் பின்னாலிருந்து அடுத்த தோட்டா முட்டுகிறது.

செய்து பார்த்தவை:
மேகசின் வாயை இடுக்கியால் அரைநூல் நெருக்கினேன். பலனில்லை.
மேகசினில் ஒன்றின் விளிம்பு ஒன்றோடு கொக்கிக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். பலனில்லை.
எண்ணெய் போட்டேன். புழுதி ஒட்டி இன்னும் மோசம்.
எண்ணெயைத் துடைத்தேன்.
திட்டினேன்.

தோட்டாவைத் தொட்டால் விரலில் லேசாக ஒட்டுகிறது. புது டப்பா, இப்படித்தான் இருக்கும் போல. இன்னொன்று, வீடு வந்து முகம் கழுவும்போது கண்ணில் அப்படி ஒரு எரிச்சல். சோப்புப் பட்டாற்போல் அல்ல, தீ வைத்தாற்போல். வெடிப்புகை ஒத்துக்கொள்ளவில்லையோ? இத்தனை வருடம் ஒத்துக்கொண்டதே.

ரவை தீர்ந்துவிட்டது. நேற்றும் வாங்க மறந்தேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

தலைமையாசிரியை கூப்பிட்டார். போட்டிக்குப் போக அனுமதி கொடுத்துவிட்டுச் சொல்கிறார்: "இந்த வருசத்தோட பாத்துக்கோங்க டீச்சர். அடுத்த வருசம் பப்ளிக் எக்ஸாம் பொறுப்பெல்லாம் உங்ககிட்டத்தான். அப்புறம் என்னால விட ஏலாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆக, இந்த ஞாயிறுதான் கடைசி.

சாயங்காலம் கிளப். வேறு டப்பா எடுத்தேன். அதே கதை. மதுரைப் போட்டியில் இரண்டாம் பகுதியில் இலக்கு மூன்று நொடிதான் முகம் காட்டும். ஒரு பகுதியில் ஒரு தடவை திக்கினால் கையைத் தூக்கலாம், மறுபடி சுட விடுவார்கள். அடுத்த தடவைக்குச் சுழி. என் துப்பாக்கி போகிற போக்கில் நான் கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டியதுதான், பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி.

வீட்டில் சாப்பிடும்போது இவர், "இன்னிக்காவது நல்லா வெடிச்சுதா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "ஒருநாளாவது வந்து பாத்திருக்கீங்களா? துப்பாக்கி வந்ததுல இருந்து அது எப்படி இருக்கு, எங்கன மாட்டுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? வெடிச்சுதா வெடிச்சுதான்னு கேட்டா போதுமா, அது என்ன தீபாவளிப் பட்டாசா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "எனக்கு அந்தச் சத்தம் சேராதுட்டி. கம்பெனியில ஒருக்கா மருந்து தீப்பிடிச்சு வெடிச்ச நாள்லருந்து."

பதினாறு வருடக் குடித்தனத்தில் இதை இப்போதுதான் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண் இன்றைக்கும் எரிகிறது.

அக்டோபர் 8, வியாழன்

நல்ல வெயில். அண்ணாச்சி வந்துவிட்டார் என்று போன் வந்தது. மத்தியானம் அரைநாள் லீவு போட்டுப் பிஸ்டலை எடுக்க வீட்டுக்கு வந்தால், வாசலில் இவர் சைக்கிள். கம்பெனியில் இருக்க வேண்டிய மனுஷன். மாடிக் கதவு திறந்து கிடக்கிறது.

ஏறிப் பார்த்தேன். ஒரு பக்கம் பாயில் வத்தல். இன்னொரு பக்கம் தகரம். தகரத்தின் மேல் என் தோட்டாக்கள், குச்சி அடுக்குகிற மாதிரி வரிசை பிசகாமல், ஒன்றை ஒன்று தொடாமல். பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இவர். வத்தலைக் கையால் துழாவுகிறார். அதே கையால் தோட்டாவை ஒவ்வொன்றாய் உருட்டி மறுபக்கம் காட்டுகிறார்.

கைப்பையைத் தரையில் போட்டேன்.

"நமத்துப் போச்சுன்னல்லா?" என்றார் இவர். "நித்தம் சாப்பாட்டு நேரத்துல வந்து காயப்போட்டு, நீ வாரதுக்குள்ள டப்பாவுல வச்சிருதேன். ரெண்டு வெயில் பட்டா சரியாயிரும். நாளைக்கு அடி டப்பாவ எடுக்கணும்."

குனிந்து ஒன்றை எடுத்தேன். கை சுட்டது. தோட்டாவின் ஈய மூக்கில் மெழுகு பூசியிருப்பார்கள், குழாயில் ஈயம் ஒட்டாமல் இருக்க. அந்த மெழுகு முழுதும் உருகி வழிந்து பித்தளை ஓடு வரைக்கும் இறங்கியிருந்தது. அதில் கரிசல் புழுதி, வத்தல் தூள், ஒன்றில் ஒரு மிளகாய் விதை. ராத்திரி ஆறினால் இறுகும். அதைத்தான் சேம்பருக்குள் திணித்துத் திணித்து நான் சுட்டிருக்கிறேன். அந்தக் கையால்தான் கண்ணைத் தேய்த்திருக்கிறேன்.

கத்தினேன். ஒளிப்பானேன், தெருவுக்கே கேட்டிருக்கும். "லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. பூட்டி வைக்க வேண்டிய சாமானை மொட்டை மாடியில பரப்பி வச்சிருக்கீங்க. ஒரு போலீஸ்காரன் பாத்தா என்ன சொல்லுவீங்க, வத்தல்னா?"

"அதான் கூடவே உக்காந்திருக்கேன்ல. காக்காகூட விடல."

"இதுல மெழுகு இருக்கு. மெழுகுல முக்குன குச்சியை வெயில்ல வைப்பீங்களா நீங்க?"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. ஒரு தோட்டாவை எடுத்து நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார். இருபது வருடமாக மெழுகுச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர். "மாட்டோம்," என்றார் மெதுவாக. "மெழுகு இருக்கும்னு எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்று அவரைத் திட்டிய நானும் ஒன்றுமே சொன்னதில்லை. கோபம் அதனால் குறைந்துவிடவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன டீச்சர், ஊறுகாய் போட்டீங்களா?" அவ்வளவு நேரம் சிரிக்காதவள் சிரித்துவிட்டேன். அழுகையும் வந்தது. "சேம்பர சுரண்டி எடுத்துரலாம், பயப்படாதீங்க," என்றார். வெயில் பட்டது ஒன்றையும் இனித் தொடக்கூடாது என்று கண்டிப்பு.

அக்டோபர் 9, வெள்ளி

சேம்பரில் மெழுகும் புழுதியும் கெட்டியாய், பழைய அடுப்புக் கரி போல. மண்ணெண்ணெய், பித்தளைப் பிரஷ், மறுபடி மண்ணெண்ணெய். அண்ணாச்சி வழி சொல்ல நான் செய்தேன். மேகசின் வாயை நான் நெருக்கியதை அவர் பழையபடி விரித்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

பீரோவின் அடி டப்பா வெயில் படாதது. இன்றைக்குக் காய வேண்டியது, ஒரு நாளில் தப்பித்தது. அதில் ஐந்து சுட்டேன். ஐந்தும் திக்காமல் ஓடின. ஓடுகள் வலப்பக்கம் துள்ளி விழுகிற சத்தம், இவ்வளவு நாள் கேட்காமல் போன சத்தம். போட்டிக்குக் குறைகிற தோட்டாவை அண்ணாச்சி கிளப் கணக்கில் தருகிறார்.

  பீரோ சாவியை இவர் தானாகவே என் கைப்பைக்குள் போட்டு வைத்திருக்கிறார். ரவை வாங்கி வந்திருக்கிறார்.

அக்டோபர் 10, சனி

பிஸ்டல் பெட்டி, லைசென்ஸ், காதடைப்பான், துண்டு, புளியோதரை. நாளைக்கு முதல் பஸ்.

படுக்கப் போகும்போது, "நானும் வாரேன்," என்றார்.

"சத்தம் சேராதுன்னீங்க."

"கேட்டுக்கு வெளிய நிக்கேன். உள்ள வரல."

அக்டோபர் 11, ஞாயிறு

மதுரை. ராத்திரி வீடு வந்து சேர்ந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஏறியதும் இவர் கண்டக்டரிடம், "வெயிலு எந்தப் பக்கம் அடிக்கும் அண்ணாச்சி?" அவர் சொன்ன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இடம் பிடித்தார். என் பைக்கு மேல் தன் துண்டு. சாத்தூரில் ரோடு திரும்பி அந்தப் பக்கமும் வெயில் வந்ததும் என்னை எழுப்பி இடம் மாற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் பகுதி சுமார். இரண்டாம் பகுதி. இலக்கு திரும்புகிறது, கை மேலே, ஒன்று. திரும்புகிறது, இரண்டு. மூன்றாவதில் ஸ்லைடு ஒரு கணம் தயங்கியது போல எனக்குத் தோன்றியது. தோட்டா உள்ளே போய்விட்டது. ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை. கடைசி வரைக்கும். பலகையில் மார்க் எழுதினார்கள். வேண்டியதற்கு மேலே நான்கு புள்ளி. தேர்வாகிவிட்டேன். கூட்டிப் பார்த்தேன், சரிதான்.

ஓடித்தான் போனேன் கேட்டுக்கு. சித்திரை மாதிரி வெயில். இவர் மர நிழலுக்குப் போகவில்லை, வெளியே வருகிறவர்கள் தெரியாது என்று கேட்டை ஒட்டியே நின்றிருக்கிறார். சட்டை முழுக்க நனைந்து, முகம் கருத்து, இரண்டு காதிலும் பஞ்சு. கையில் குடை. குடை அவருக்கு இல்லை. காலடியில் இருந்த தோட்டா டப்பாவுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், காலையிலிருந்து.

"வெடிச்சுதா?" என்று சத்தமாகக் கேட்டார், காதில் பஞ்சு.

தலையாட்டினேன். டப்பா காலி, தோட்டாவெல்லாம் காலையிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டேன் என்று சொல்லவில்லை.