நனையாத துடுப்பு குறித்து ஆம்பலங்கானல் அரசியார் விடுத்த ஓலை

தண்ணீர் வற்றாதிருக்க, தண்ணீர்மேல் பூத்த பூ வாடாதிருக்க.

பனிமூட்டத்தை முடியாகவும் உப்பங்கழியை மேகலையாகவும் உடைய ஆம்பலங்கானல் நாட்டின் ஏழு தீவுகளையும் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் நீரரசி அலைவாய் நங்கையார், கீழைத்துறைப் பிள்ளைப் பள்ளியின் தலைவராகிய அழிசியார்க்கு விடுத்த ஓலை. உமது துறையில் மீன் பெருகுக. உமது பள்ளி மணலில் எழுதிப் பழகும் விரல்கள் நோவற்றிருக்க. உமது இல்லத்தார் இனிது வாழ்க.

இதனை எழுதுபவன் அரண்மனை ஓலைக்காரன் நன்னன் குமரன். இவ்வோலையைச் சபையில் படிக்க வேண்டா, கதவைச் சாத்திக்கொண்டு தனியே படிக்க வேண்டும் என்பது கட்டளை. பிள்ளைகள் சொன்னதைத் திருத்தாமல் சொன்னபடியே எழுதுக என்பதும் கட்டளையாதலால், அரச ஓலைக்கு ஒவ்வாத சொற்கள் சில இதில் இருக்கும். அவை எழுதியவன் குற்றமல்ல.

நம் நாட்டின் ஒருதோணி வழக்கு நீர் அறியாததன்று. தீவுக்குத் தீவு பகைத்துக் கிடந்த பழங்காலத்தில், பகைவர் இருவர் புயலுக்குத் தப்ப ஒரே தோணியில் ஏறி, ஆளுக்கொரு துடுப்பாய் வலித்துக் கரை சேர்ந்து, இறங்கும்போது சம்பந்திகளாய் இறங்கினார்கள் என்பார்கள். அன்றுமுதல் பள்ளிப் பிள்ளைகள் எவர் பிணங்கினாலும், ஒருவர் வந்து முறையிட்டால் போதும்; இருவரையும் இரு துடுப்போடு தோணியில் ஏற்றி, ஆம்பல் திட்டுவரை சென்று ஒரு பூப் பறித்து வரும்படி அனுப்புகிறோம். ஒருவர் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமும் ஒத்து வலித்தாலன்றித் தோணி நேரே போகாது. போகும்போது பகையாய்ப் போன பிள்ளைகள் வரும்போது பூவும் சிரிப்புமாய் வருவதைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பிணக்கும் நம் தண்ணீரில் கரைந்துவிடும் என்று நாமெல்லாரும் நம்பிவிட்டோம். நம்பிக்கை நல்லதுதான். கண்ணை மூடிக்கொண்டு நம்பியதுதான் பிழை.

சென்ற மாதம் நீர் எழுதிய ஓலையில், அரசியாரின் ஒரே மகள் இளவரசி தண்மதியும், பாய் நெய்வார் மகள் பூதியும் பதினொரு முறை ஒருதோணி ஏறியதாகவும், ஒருமுறைகூடத் தோணி சுழன்றதில்லை, குரல் உயர்ந்ததில்லை, இத்தகைய இணக்கத்தை இப்பள்ளி கண்டதில்லை என்றும் எழுதியிருந்தீர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அரசியார் அவ்வோலையை மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பூதியை இளவரசியின் உயிர்த்தோழி ஆக்கி, இனி உயிருள்ளளவும் அரண்மனையில் அவளை விட்டுப் பிரியாமல் உடனிருக்கும்படி செப்பேடு வெட்டுவித்தார். அதனைக் கொடுத்துச் சிறுமியை அழைத்து வரத் தூதர் கொற்றியார் பூம்படகில் புறப்பட்டார்.

கொற்றியார் உமது துறையில் இறங்கிய காலையில் பனி மிக அடர்ந்திருந்தது. வானம் எங்கே முடிகிறது, கழி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், ஆம்பற்பூக்கள் அந்தரத்தில் மிதப்பதாகத் தோன்றிற்று என்று அவர் சொன்னார். அந்த வெண்மைக்குள்ளிருந்து முதலில் வந்தது பெருங்கூச்சல். சேந்தி என்னும் சிறுமியும் கடம்பன் என்னும் சிறுவனும் ஏறிய தோணி, செக்கு சுற்றுவதுபோல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சேந்தி அவன் துடுப்பைப் பறிக்க, கடம்பன் அவள் முகத்தில் தண்ணீர் இறைக்க, இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கரைக்கு வந்தபோது இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் வழக்குரைத்தார்கள். எதற்காகச் சண்டை என்று கேட்டதற்கு, ஒரு நாவற்பழக் கொத்தை முதலில் கண்டது யார் என்பதற்காக என்றார்கள். இது கொடிது, இவர்களைப் பிரித்து வையும் என்று கொற்றியார் உமக்குச் சொன்னது உமக்கு நினைவிருக்கும்.

அதன்பின் மற்றொரு தோணி வந்தது. இளவரசி அன்று காலை பூதியின்மேல் ஏதோ முறையிட்டிருந்தபடியால், அது பன்னிரண்டாம் முறை. கனவில் வருவதுபோல் ஓசையின்றி, நூல் பிடித்தாற்போல் நேராகப் பனியைப் பிளந்துகொண்டு வந்தது. முன்னே இளவரசி மடியில் பூவோடு புன்னகைத்திருந்தாள். பின்னே பூதி இருந்தாள். கொற்றியாருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சியில் அங்கேயே ஓலை நறுக்கு ஒன்றில், நாட்டின் எதிர்காலம் இவ்விரு பிள்ளைகளின் தோணியில் அமைதியாக வருகிறது என்று எழுதி அரண்மனைக்கு அனுப்பினார். அந்த நறுக்கைப் பின்னர் அவர் தம் கையால் அடுப்பிலிட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். தவறு செய்ததை ஒளிக்காத தூதர் கிடைப்பது அரிது.

தோணி கரை தட்டியதும் பூதியை இறக்கிவிட அவர் குனிந்தார். அப்போது துடுப்புகள் கண்ணில் பட்டன. ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றது அடிமுதல் நுனிவரை காய்ந்திருந்தது. அதன்மேல் ஒரு தும்பி இறகு விரித்து உட்கார்ந்திருந்தது. ஆம்பல் திட்டுக்குப் போய்த் திரும்பிய பொழுதெல்லாம் அத்தும்பியை எவரும் எழுப்பவில்லை. கொற்றியார் பூதியின் கையைப் பற்றினார். உள்ளங்கை முழுதும் கொப்புளம். பழைய கொப்புளம் காய்ந்த இடத்தில் புதியது. என்னம்மா இது என்று கேட்டபோது அச்சிறுமி முதலில் இளவரசியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “ஒண்ணுமில்லீங்க, நானாத்தான் துடுப்ப இறுக்கிப் புடிச்சிட்டேன்” என்றாள். அருகில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களும் சிரிக்கும் முன் இளவரசியின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அன்று நண்பகல் சோற்று வேளையில், பிரித்து வைக்கச் சொன்ன சேந்தியும் கடம்பனும் ஒரே இலையில் நாவற்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். நாக்கு இரண்டும் ஊதா நிறம். கொற்றியார் அவர்கள் அருகில் அமர்ந்து, நீங்கள் இப்படிக் கத்துகிறீர்களே, இளவரசியும் பூதியும் சத்தமில்லாமல் சண்டை போடுகிறார்களே என்றார். சேந்தி கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னது இது: “அது சண்டையா? சண்டைன்னா ரெண்டு பேருக்கும் கோவம் வரணும்ல. பூதிக்குக் கோவமே வர்றதில்ல. பயந்தான் வருது.”

அதன்பின், பூதி சேந்தியிடம் மட்டும் சொல்லி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளிருந்து மெல்ல வெளிப்பட்டது. இளவரசி பூதியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘பாய்’ என்றே அழைப்பாள். பள்ளிக்குள் நுழையும்போது பூதியின் ஆடையில் பாதம் துடைப்பாள். எழுத்தாணி காணாமற்போகும்; கிடைக்கும்போது சேற்றில் கிடைக்கும். முதல்முறை பூதி உம்மிடம் வந்து அழுதாள். முறையீடு வந்தால் தோணி என்பது வழக்கல்லவா, நீர் இருவரையும் ஏற்றி அனுப்பினீர். நடுக்கழியில், கரை கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத பனிக்குள், இளவரசி தன் துடுப்பைக் கீழே வைத்து, கால்களைப் பூதியின் மடியில் நீட்டி, தோணி ஒருமுறை ஆடினாலும் உன் அப்பன் நெய்த பாய் எதுவும் அரண்மனைப் படி ஏறாது என்றாள். பூதி ஒரே துடுப்பை இருபுறமும் மாற்றி மாற்றி வலித்துத் தோணியை ஆடாமல் நேரே செலுத்தப் பழகினாள்; அதற்குப்பின் முறையிட்டதே இல்லை. மற்றப் பதினொரு முறையும் முறையிட்டவள் இளவரசி. தோணி அவளுக்கு வேண்டியிருந்தது. நாம் பகை தீர்க்க வைத்திருந்த பனியை அவள் கதவாகச் சாத்திக்கொண்டாள்.

இதனைக் கொற்றியார் உம்மிடம் கூறியபோது நீர், இரு கை தட்டினால்தானே ஓசை, பூதியிடமும் ஏதோ குறை இருக்கும் என்று மறுமொழி கூறினீராம். அதற்கு அரசியாரின் விடை பின்னே வரும்.

மறுநாள் காலை பூம்படகு புறப்பட ஆயத்தமாயிற்று. பாய் நெய்வார் தெருவே துறையில் திரண்டிருந்தது. பூதியின் தந்தை தாம் நெய்ததில் மிக நல்ல பாயைப் படகில் விரித்துவிட்டு, மகளுக்கு வந்த வாழ்வை எண்ணிக் கண் துடைத்துக்கொண்டிருந்தார். புத்தாடை உடுத்திய சிறுமி அப்பாயின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செப்பேடு கொற்றியாரின் மடியில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அரச முத்திரை இட்டு ஒருவர் கையில் கொடுத்ததைத் திரும்பப் பெற்று அழிக்க வழக்கில் இடமில்லை. அவர் குனிந்து, உனக்கு வர விருப்பமா என்று மெல்லக் கேட்டார். “வரேன்னு சொன்னாத்தானே அப்பாவுக்கு நல்லது” என்றாள் பூதி. விருப்பமா என்று மீண்டும் கேட்டார். அவள் கொப்புளக் கைகளால் பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவே.

கொற்றியார் அவளைத் தூக்கித் தந்தையின் கையில் கொடுத்துவிட்டு, செப்பேட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வெறும் படகோடு திரும்பினார். தூதர் அரச ஆணையை நிறைவேற்றாமல் திரும்பினால் பதவி போகும். அரசியின் மகள்மேல் பழி சுமத்தித் திரும்பினால் என்ன போகும் என்று அவருக்கே தெரியாது. ஊர்ப்பேச்சு படகுக்கு முன்னே அரண்மனை சேர்ந்திருந்தது.

அரசியார் முதலில் சினந்தார். அதையும் எழுது என்றார், எழுதுகிறேன். பொறாமைக்காரர் பேச்சு என்றார். பிள்ளை விளையாட்டைப் பெரிதாக்குகிறாய் என்றார். கொற்றியாரை வாயிலில் நிற்க வைத்தார். பிறகு மகளை அழைத்து மடியில் இருத்தி, நீயும் பூதியும் சண்டையிட்டீர்களா என்று கேட்டார். இளவரசி ஒளிக்கவுமில்லை, கலங்கவுமில்லை. “இல்லையேம்மா. நாங்க சண்டையே போட்டதில்ல. நான் சொல்லுவேன், அவ செய்வா. எனக்கு அவள ரொம்பப் புடிக்கும்” என்றாள். அன்று அரசியார் அமுது கொள்ளவில்லை. மகளைத் தள்ளவும் முடியவில்லை, தழுவவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் கொற்றியாரை வாயிலிலிருந்து தாமே சென்று அழைத்து வந்து, மீண்டும் கீழைத்துறைக்கு அனுப்பினார். பூதி வேண்டுவது எதுவாயினும் கேட்டு வருக, அது நாட்டில் ஒரு தீவாயினும் தரப்படும் என்றார். பூதி கேட்டது ஒன்றே. “அவங்க வர்றப்ப யாராச்சும் முன்னாடியே சொல்லுவீங்களா? எந்தப் பக்கமா வருவாங்கன்னு தெரியாமத்தான் பயமாருக்கு.”

இனி வருவது அரசியாரின் வாய்மொழி. ஓலைக்காரன் சொல் எதுவும் இதில் இல்லை.

அழிசியாரே, இரு கை தட்டினால் ஓசை வரும் என்றீர். அறைந்தாலும் ஓசை வரும். அதற்கு ஒரு கை போதும். இரண்டு ஓசையையும் பிரித்தறியாதவர் பள்ளிக்குத் தலைவராயிருத்தல் ஆகாது. அறிந்துகொள்ள உமக்கு ஓராண்டு தந்தோம். நமக்கும் அதே ஓராண்டுதான்.

நாவற்பழத்துக்காகக் கட்டிப் புரளும் பிள்ளைகளை இனியும் தோணி ஏற்றும், அவ்வழக்கு நல்லது. ஆனால் ஒரு பிள்ளை அஞ்ச, மற்றது அஞ்சாமல் நின்றால், அவ்விருவரையும் தோணியிலும் ஏற்ற வேண்டா, ஒரு பாயிலும் அமர்த்த வேண்டா. கைகோத்துச் சமாதானம் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டா. அஞ்சிய பிள்ளையைத் தனியே அழைத்துக் கேளும். அது ஒன்றுமில்லை என்றால் மறுநாளும் கேளும். தண்மதி எது செய்தாலும் நம் மகள் என்பதற்காக நீர் காணாதிருந்தீர். அந்தக் குற்றத்தில் பாதி நம்முடையது.

பூதி அமரும் இடத்தை மாற்ற வேண்டா. மாற வேண்டியவள் அவளல்லள். தண்மதி இனி மேலைத்துறைப் பள்ளியில் படிப்பாள். அவளை நாம் கைவிடவில்லை. நாள்தோறும் நாமே அழைத்துச் சென்று, நாமே அழைத்து வருவோம். அவள் தந்தை இல்லாத வீட்டில் ஆள்வது எப்படி என்பதை மட்டுமே பார்த்து வளர்ந்தவள். மற்றதை நாம் கற்பிக்கவில்லை. அவள் நெய்வார் பாய் எதனையும் விலக்கினால் அப்பாயில் நாம் அமர்வோம். செப்பேடு உருக்கப்பட்டது.

ஏழு தீவுப் பிள்ளைகளும் கூடும் பௌர்ணமி விழாவுக்கு மட்டும் தண்மதி உமது துறைக்கு வருவாள். அன்று அவள் படகு கண்ணில் படும் முன்னரே, அது எந்தப் பக்கமாக வருகிறதோ அந்தப் பக்கக் கரையில் நின்று, பள்ளிவரை கேட்கும்படி ஒரு சங்கு மும்முறை ஊதப்படும். ஊரார் அதனை இளவரசிக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணிக்கொள்ளட்டும். அது யாருக்காக ஊதப்படுகிறது என்று பூதிக்குத் தெரிந்தால் போதும். கேட்டபின் அவள் நின்றாலும் நிற்கலாம், போனாலும் போகலாம். ஏன் என்று எவரும் கேட்க வேண்டா.

இந்தச் சங்கை நிறுத்தும் உரிமை உமக்கில்லை, கொற்றிக்கு இல்லை, நமக்குப்பின் ஆள வருபவர்க்கும் இல்லை, அவள் தண்மதியே ஆயினும். இனி வேண்டா என்று பூதி தன் வாயால் சொல்லும் நாளில் அது ஓயும். அதுவரை நம் ஆணையாலும் ஓயாது.

இது நம் கையெழுத்து. இது நம் அலை முத்திரை. கண்டு, ஏற்று, செய்க.