கன்னிமார் தோப்பின் இருபத்திரண்டு மூட்டை

22 ஜூன், ஞாயிறு

இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் மனசு நிறைந்திருக்கிறது! எங்கள் அடுக்ககத்தின் பின் சுவரை ஒட்டியிருக்கும் கன்னிமார் தோப்பை ஒரே காலையில் பளிச்சென்று ஆக்கிவிட்டோம். கணுக்கால் புதையச் சருகு! உள்ளே மஞ்சள் பூசின ஏழு கல், சுற்றி வேம்பு, நாவல், இலுப்பை. பருத்திப்பட்டில் ஏரிக்கரையை விட்டால் இப்படி ஒரு நிழல் ஏது? அதைப் போய்க் குப்பையாக விட்டுவைக்கலாமா? பதினெட்டுப் பேர், இருபத்திரண்டு மூட்டை. அத்தனையும் மாடித்தோட்டத் தொட்டிகளுக்கு உரம். தோட்டக் கமிட்டித் தலைவி அகல்யா வாழ்க — யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாலாவது மாடி கிருபாகரன் மட்டும் ஆறு மூட்டை வாங்கிக்கொண்டார். தக்காளி நட்டிருக்கிறாராம். வாங்கும்போதே, "கொசு பூரா அங்கேர்ந்துதான் மேடம் வருது. மரத்தையும் வெட்டச் சொல்லி ஒரு மனு போட்டுடலாம்" என்றார். வாயைப் பார்!

25 ஜூன், புதன்

அமாவாசை. பின் தெருவில் சாமுண்டீஸ்வரி என்று ஒருத்தி, பாடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறவள். அமாவாசைக்கு அமாவாசை தோப்பில் விளக்கு வைப்பது அவள் வீட்டார்தானாம். இன்று விளக்கு வைக்க வந்தவள் தரையைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டாள். என் வயசுதான் இருக்கும். குரல் நாலு பேருக்கு உண்டானது.

"யாரு மேடம் இங்க அகல்யா? யாரைக் கேட்டு வாரிக்கினு போனீங்கோ?"

குப்பையைத்தானேங்க எடுத்தோம் என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"குப்பையா? கன்னிமாருங்க ஊடு அது! ஒரு குச்சி வெளிய போவாது. அடுப்புக்கு வெறகு இல்லாத காலத்துலயே எங்க தெருவுல ஒருத்தியும் கை வெச்சதில்ல. உன் ஊட்டுக்குள்ள பூந்து நான் பாயைச் சுருட்டிக்கினு போனா நீ சும்மா இருப்பியா?"

வாட்ச்மேன் வேலுசாமி முன்னால், பால் வாங்க வந்தவர்கள் முன்னால். முகமெல்லாம் எரிந்தது. நல்லது செய்யப் போய் திருடின்னு பேரு! என்னா திமிரு அவளுக்கு. சருகுக்குப் போய் இவ்வளவா?

26 ஜூன், வியாழன்

திமிர் அவளுக்கு இல்லை. எனக்குத்தான்.

சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்தேன். கால் வைத்தால் மெத்தென்று ஈரமாக இருந்த இடம், நாலே நாளில் கட்டாந்தரை. இலுப்பைக்கடியில் சருகைப் புரட்டிப் புழு தேடுகிற மைனா ஒன்று வந்தது. புரட்ட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, லூசு மாதிரி.

எங்கள் குலசாமி கோயிலில் கீழே விழுந்த புளியங்காயைக்கூடக் கேட்காமல் எடுக்க மாட்டேன். இங்கே மட்டும் எனக்கு என்ன வந்தது?

28 ஜூன், சனி

பூ, பழத்தோடு சாமுண்டீஸ்வரி வீட்டுக்கே போனேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கிட்ட இன்னாத்துக்கு மேடம் மன்னிப்பு? வெளிய போனது அல்லாம் உள்ள வரணும். வந்தாத்தான் ஆடி மொத ஞாயித்துக்கெழம கூழு. இல்லன்னா எங்க தெருவே அடுப்பு மூட்டாது. கூடிப் பேசிட்டோம்."

மக்கிப் போயிருந்தால்?

"மக்கினா மண்ணா எடுத்துக்கினு வா."

கொரோனா வருஷத்தில்கூட நாலு பேராவது நின்று ஊற்றிய கூழாம். இந்த வருஷம் என்னால் நிற்கப் போகிறது. மூன்று வாரம் இருக்கிறது. நிற்க விட மாட்டேன்.

29 ஜூன், ஞாயிறு

வாட்ஸாப் குழுவில் "சருகைத் தயவுசெய்து திருப்பித் தரவும்" என்று போட்டேன். வந்ததெல்லாம் சிரிப்புப் பொம்மை. சிரியுங்கள், சிரியுங்கள். வீடு வீடாக ஏறி இறங்கினேன். யுவராணி டீச்சர் உடனே தொட்டியைக் கவிழ்த்தார். இருதயராஜ் சார், "எங்க மாதா கோயில்ல யாராவது மெழுகுவத்திய அள்ளிக்கிட்டுப் போனா நான் சும்மா இருப்பேனாம்மா?" என்று தானே இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தார். எத்தனை நல்ல மனுஷர்.

கிருபாகரன் பாதிக் கதவுதான் திறந்தார். "எல்லாம் தக்காளி வேருக்குள்ள போயாச்சு மேடம். நேத்துதான் பூ விட்டிருக்கு. செடியப் புடுங்குன்னு சாமி சொல்லுமா?"

சொல்லுமோ?

6 ஜூலை, ஞாயிறு

பதினாறு மூட்டை உள்ளே போயாயிற்று. சாமுண்டீஸ்வரி வேலியோரம் நின்று மேற்பார்வை. "பையை நல்லா உதறு சார்! மூலையில இன்னா கீது பாரு!" என்று என் வீட்டுக்காரர் மோகனையே ஒரு அதட்டு. இவர் இத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்து இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவளைத் தினமும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லலாம் போலிருக்கிறது.

ஆறு மூட்டை பாக்கி.

11 ஜூலை, வெள்ளி

லிப்டில் நான் இருந்தால் கிருபாகரன் படியில் இறங்குகிறார்.

13 ஜூலை, ஞாயிறு

வேறு வழியில்லை, சாமுண்டீஸ்வரியையே நாலாவது மாடிக்குக் கூட்டிப் போனேன். கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தாள்.

"சோக்கா வளர்த்துகீறே அண்ணாத்தே. பிஞ்சு வெச்சிடுச்சே!"

கிருபாகரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் செடிகளை இதுவரை யாரும் பாராட்டியதில்லை போல.

"புடுங்க வேணாம். தொட்டியோட தூக்கினு வந்து, மண்ணோட உள்ள நட்டுடு. வெயில் படற எடம் ஒண்ணு கீது."

"காய் பறிச்சுக்கலாமா?"

"உள்ள வந்தது வெளிய போவாது."

மனுஷர் செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தண்ணியாவது நான் ஊத்தலாமா?" என்றார்.

"நீதான் ஊத்தணும். வேற யாரு ஊத்துவா?"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் தொட்டியை அவரே தூக்கினார்.

20 ஜூலை, ஞாயிறு

கூழ்! கூழ்! கூழ்! முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. இரண்டு சொம்பு குடித்தேன். வரிசை எங்கள் கேட் வரைக்கும் நின்றது. அள்ளி அள்ளிக் கை வலித்ததும் சாமுண்டீஸ்வரி கரண்டியை என்னிடம் நீட்டி, "இந்தா, நீ ஊத்து அகல்யாக்கா" என்றாள். மேடம் போய்விட்டது! அழுதுகொண்டே ஊற்றினேன். கண்ணில் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

30 ஆகஸ்ட், சனி

காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே ஒரு கேபிள்காரர் தோப்பு வேலியில் ஏணி சாய்த்து, கம்பியில் இடிக்கிறது என்று நாவல் கிளையில் கத்தியை வைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைத் தேடுவதற்குள் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், ஏணிக்கடியில் வாயில் பற்பசை நுரையோடு கிருபாகரன்.

"எறங்குய்யா கீழ! யாரைக் கேட்டு கை வெச்ச? கன்னிமாருங்க வீடுய்யா இது. ஒரு குச்சி வெளிய போகக் கூடாது. உன் கம்பியத் தூக்கிக் கட்டு!"

கேபிள்காரர் இறங்கிக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டுப் போனார். கிருபாகரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். பழுத்ததையெல்லாம் மைனா கொத்தியிருந்தது. வெளியே வந்தவர் வேலியோரம் நின்று பாதத்தைத் தடவிப் பார்த்தார். ஒட்டியிருந்த வேப்பஞ்சருகு ஒன்றை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, வாய் கொப்பளிக்க வீட்டுக்குப் போனார்.