தம்பி, உன் தளத்தை மாற்றிவிட்டோம்

கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்தே "என்னக்கா?" என்று கேட்கும் என் முகிலா,

செந்தூல் வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மா இன்னும் உன் அறை மின்விசிறியை நிறுத்த விடுவதில்லை.

உனக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. உன் இணையத்தளத்தை யாரும் எழுதி வெளியிடக்கூடிய வேறோர் அமைப்புக்கு மாற்றிவிட்டோம்.

கோபப்படாதே. முதலில் கோபப்பட்டவள் நான்தான். திரையிலுள்ள தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளை நீயும் உன் நண்பன் பிரகாஷும் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தீர்கள். ஆனால் அதன் தளம் முழுக்க உன் கைவேலை. நீ போனபிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற எவராலும் முடியவில்லை. மென்பொருளின் புதிய பதிப்பு தயாராகியும் தளத்தில் பழையதுதான் கிடந்தது.

சுபாங் ஜெயாவிலிருந்து பிரகாஷ் வந்தான். "புது சிஸ்டத்துக்கு மாத்திடலாம்கா. நீங்ககூட சும்மா டைப் பண்ணாப் போதும், பக்கம் வந்துடும் லா," என்றான்.

முடியாது என்றேன். உன் கை பட்டதை அழித்துவிட்டு எதை வைத்துக்கொள்வது? அவன், "லெட்சுமி டீச்சரை ஒரு தடவை பாருங்கக்கா," என்று மட்டும் சொன்னான்.

கிள்ளானில் பாடம் நடத்தும் லெட்சுமி டீச்சரை உனக்குத் தெரியும். எனக்குத்தான் அன்றுவரை தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மூவரும் சந்தித்தோம். பார்வையில்லாத அவர், தன் கைப்பேசியில் உன் தளத்தைத் திறந்தார். "படம். இணைப்பு. இணைப்பு. படம்," என்று கைப்பேசி வாசித்துக்கொண்டே போனது. மென்பொருளைப் போட்டுக்கொள்ளும் வழிமுறைகள் எங்கே என்று சொல்லவேயில்லை.

"அப்ப இவ்வளவு நாளா எப்படி டீச்சர் படிச்சீங்க?"

"நான் எங்கம்மா படிச்சேன்? தம்பிக்குப் போன் போடுவேன். ஒவ்வொண்ணா சொல்லித் தருவாரு. பின்னால ஏதோ மெஷின் பீப் பீப்னு கத்தும். என்ன சத்தம்னு கேட்டா, 'ஆபீஸ்ல இருக்கேன் டீச்சர், நீங்க சொல்லுங்க'ம்பாரு."

அது எந்த ஆபீஸ், முகிலா? வாரந்தோறும் உன்னை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வெளியே காத்திருந்தவள் நான். நீ உள்ளே தூங்குகிறாய் என்றல்லவா நினைத்தேன்?

மறைக்க முடியவில்லை. அது டயாலிசிஸ் மெஷினின் சத்தம் என்று சொல்லிவிட்டேன். "முடியாத பிள்ளையைப் போய் இப்படிப் படுத்திட்டேனே," என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், சில நாள் அங்கேருந்து சிரிச்சிக்கிட்டே வருவான். ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

"இனிமே நான் யாருக்கும்மா போன் போடுறது?" என்று கேட்டார்.

கடையைவிட்டு வெளியே வந்ததும், "மாத்திடு பிரகாஷ்," என்றேன்.

பக்கம் பக்கமாக மாற்றினோம். தானாக வந்து விழுந்தவற்றில் பல எழுத்துகள் வெறும் கட்டங்களாக உடைந்திருந்தன. நானே திரும்பத் தட்டச்சு செய்தேன். "பயப்படாதீங்க, எதை அமுக்கினாலும் கணினி வெடிக்காது" என்று நீ எழுதியிருந்ததை நல்ல தமிழில் திருத்தலாமா என்று பிரகாஷ் கேட்டான். "தொட்டுப் பாரு!" என்றேன். இருவரும் சிரித்தோம். அப்புறம் அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரே இருக்கிறது.

பழைய தளத்தை நிறுத்தும் நேரத்தில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். நான்தான் நிறுத்தினேன். உன்னை எரிக்கக் கொண்டுபோன அன்று ஆண்கள் மட்டும் போனார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். இதற்காவது கூட இருந்தேனே.

மறுவாரம் டீச்சர் அழைத்தார். புதுத் தளத்தைத் தானே படித்து, மென்பொருளின் புதிய பதிப்பையும் தானே போட்டுக்கொண்டாராம். "யாரையும் கேக்கலம்மா," என்றார். குரலில் பெருமை இருந்தது. சட்டென்று அது உடைந்தது. அவருக்கு நீ தேவைப்படாமல் போனதில் உனக்கு மகிழ்ச்சியா, வருத்தமா?

தொடர்புப் பக்கத்தில் உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டிருக்கிறேன். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பிரகாஷைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கே இருந்தாலும் எடுப்பேன், தம்பி. யாரையும் காக்க வைக்க மாட்டேன்.

சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உன் அக்கா, செல்வி